பன்னிரண்டு லட்சம் மரங்களின் நிழல்

எங்க ஊர் சங்குமுந்தல்ல மரமே இல்லாம மரநிழல் விழுந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, காலையில பதினோரு மணிக்கு. நேரம் எனக்கு நிச்சயமாத் தெரியும், ஏன்னா அதே பதினோரு மணிக்குத்தான் சென்னையில ஒரு ஓட்டல் மாடியில எங்க கம்பெனி எம்.டி. பச்சை ரிப்பனை அவுத்து ஒரு புத்தகத்தை மேடையில தூக்கிக் காட்டினாரு. அந்தப் புத்தகத்தோட நாப்பத்தி மூணாம் பக்கத்துல பன்னிரண்டு லட்சத்து நாப்பதாயிரம் மரம்னு அச்சாகியிருந்துச்சு, அந்த எண்ணை டைப் அடிச்சது நான்.

என் பேரு தங்கபுஷ்பம். கம்பெனியில நிலைத்தன்மைப் பிரிவுன்னு ஒண்ணு இருக்கு, சுற்றுச்சூழல் கணக்குப் பாக்குற இடம், அதுல எண்ணுகளை வாங்கி, கூட்டி, ரிப்போர்ட்ல ஏத்துறது என் சோலி. நான் சொல்லப்போறதை ஆச்சரியமாச் சொல்ல எனக்கு வராது, அதுக்கு நீங்க கோவிச்சுக்கக் கூடாது. பல்லுப் பிடுங்குறதுக்கு முன்னால டாக்டர் ஊசி போட்டா கன்னம் நம்ம கன்னமாவே இருக்காதில்லையா, மூணு வருஷம் எனக்கு உடம்பு முழுக்க அப்படித்தான் இருந்துச்சு.

கம்பெனி இருக்கிறது ஊருக்குத் தெக்கே, ஹைவே ஓரத்துல. எங்க ஊர் உப்பையும் அக்கம்பக்கத்துப் பத்து ஊர் உப்பையும் வாங்கி, கரைச்சு, கரண்டு விட்டுப் பிரிச்சு, சோப்புக்கும் காகிதத்துக்கும் வேண்டிய காரத்தைச் செஞ்சு கப்பல்ல ஏத்துற கம்பெனி. அங்க வருஷா வருஷம் ஜூன் அஞ்சாந்தேதி மரம் நடுவாங்க, பத்தொம்பது வருஷமா நட்டாங்க, பத்தொம்பது வருஷமும் ஒரே குழியில நட்டாங்க. கேட்டுக்கு உள்ள, பேனர் கட்டத் தோதா ரெண்டு கம்பமும், காலை நேரத்துல போட்டோவுக்கு முகத்துல வெளிச்சமும் கிடைக்கிற இடம் அது ஒண்ணுதான். உவர்மண்ணுங்கிறதால மூணாம் வாரம் கன்னு கருகிடும், வாட்ச்மேன் அருள்மிக்கேல் அண்ணன் அதைப் பிடுங்கி எறிஞ்சுட்டுக் குழியை மட்டும் மூடாம வச்சிருப்பாரு, அடுத்த வருஷத்துக்கு வேணுமில்ல. படிவத்துல 'நட்டது'ன்னு ஒரு கட்டம் இருந்துச்சு, 'இதுவரை மொத்தம்'னு ஒரு கட்டம் இருந்துச்சு, 'பட்டுப்போனது'ன்னு கட்டம் கிடையாது. கட்டம் இல்லாத ஒண்ணை நான் எங்க கொண்டுபோய் எழுதுவேன்?

அப்புறம் பம்பாயில இருந்து கன்சல்டன்ட்டுங்க வந்தாங்க. மூணு நாள் ஏசி ரூம்ல உக்காந்து, சுவரெல்லாம் மஞ்சச் சீட்டு ஒட்டி, "நீங்க இயற்கையைத் தொழிலுக்குப் பக்கத்துல வச்சிருக்கீங்க, அதைத் தொழிலுக்குள்ள வைக்கணும்"னு சொன்னாங்க. போர்டுல எல்லாரும் தலையாட்டினாங்க, எங்க பிரிவுத் தலைவர் பார்கவ் சார் அதிகமாவே ஆட்டினாரு. அதுல இருந்து உப்பு ஏத்தி ஒரு லாரி வந்தா நாலு மரம், கப்பல் ஒண்ணு போனா நாநூறு மரம், ஆள் சேர்ந்தா மரம், ஆள் ரிட்டையர் ஆனா மரம், புகைபோக்கி ஒரு மணி நேரம் கூட ஓடினா அதுக்கு ஒரு தோப்பு, இப்படி ஒவ்வொரு டிபார்ட்மென்ட்டுக்கும் ஒரு டார்கெட். மாசக் கடைசியில ஒவ்வொரு டிபார்ட்மென்ட்டும் அவங்கவங்க மரத்தை மெயில்ல அனுப்பும், நான் கூட்டுவேன். நடுறது யாருன்னு மட்டும் எந்த ஸ்லைடுலயும் இல்ல. பர்ச்சேஸ்காரங்க சேல்ஸ்காரங்க நடுறாங்கன்னு நினைச்சாங்க, சேல்ஸ்காரங்க எங்க பிரிவு நடுதுன்னு நினைச்சாங்க, எங்க பிரிவுல நாங்க மூணே பேரு, அதுல ஒருத்தி நான்.

எண்ணு ஏத்துற சாஃப்ட்வேர்ல, மரம் நட்ட இடம் எதுன்னு ஒரு கட்டத்துல சிவப்பு நட்சத்திரம் இருந்துச்சு, இடத்தைப் போடாம அது நகராது. மேல இருந்து எடுத்த மேப்பைத் திறந்தேன். ஃபேக்டரியைச் சுத்தி வீடு, ரோடு, வாழைத்தோட்டம்னு நிறம் நிறமாத் தெரிஞ்சுது, வடக்குல ஒரே ஒரு இடம் மட்டும் ஒண்ணுமே இல்லாத மாதிரி வெள்ளை வெளேர்னு கிடந்துச்சு. சாப்பாட்டு நேரம் தாண்டிப்போச்சு, பசி, அந்த வெள்ளையைச் சுத்தி ஒரு கோடு இழுத்து 'சமர்ப்பி'ன்னு அமுக்கிட்டு டிபன் பாக்ஸைத் திறந்தேன். அது எங்க ஊர் உப்பளம். நான் பொறந்து வளந்த ஊரை மேல இருந்து பாக்கையில எனக்கு அடையாளம் தெரியல, இதைச் சொன்னா ஒருத்தரும் நம்பறதில்ல.

நிழல் விழுந்த அன்னைக்கு அளத்துல இருந்தவங்க சொன்னது இது. வேப்பமர நிழல், புன்னை நிழல், வாகை நிழல், புளிய நிழல், கிளை கிளையா, இலை இலையா, ஒண்ணு மேல ஒண்ணா, ஆயிரத்து நூறு ஏக்கர் பாத்தியிலயும் வரப்புலயும் அம்பாரமாக் குவிச்ச உப்பு மேலயும் சத்தமில்லாம வந்து படுத்துச்சாம். அண்ணாந்து பாத்தா ஒரு இலை கிடையாது, சூரியன் அது பாட்டுக்கு நிக்குது, காத்தே இல்லாத நேரத்துலயும் தரையில இலை அசையுது. பெண்டுகள் உப்பு வாருற பலகையை வச்சிட்டுக் கொஞ்ச நேரம் பாத்தாங்க. பிறகு கங்காணி ஆத்திப்பழம் அண்ணாச்சி தலையில கட்டியிருந்த துண்டை அவுத்து, உதறி, வரப்புல விரிச்சுப் படுத்துட்டாராம். அம்பத்தாறு வயசுல அந்த அளத்துல அவரு நிழல்ல படுத்தது அன்னைக்குத்தான் முதல் தடவை.

ஊர் அதைப் பழகிக்க நாலு நாள்தான் ஆச்சு. முதல் நாள் எல்லாரும் குனிஞ்சு குனிஞ்சு நடந்தாங்க, கிளை தட்டிருமேன்னு. ரெண்டாம் நாள் ஆடுங்க வந்து அசை போட்டுச்சு, மூணாம் நாள் டீக்கடை செல்லையா அடுப்பைத் தூக்கிக்கிட்டு வந்து பெரிய புளிய நிழலுக்குக் கீழ வச்சாரு, நாலாம் நாள் ரெண்டு குடும்பம் "இந்த வேம்பு எங்க வரப்புல விழுது, எங்களுக்குத்தான்"னு மல்லுக்கட்டி பஞ்சாயத்துக்குப் போச்சு. மதியம் பஸ்ஸு ஸ்டாப்புல நிக்காம வாகைக்குக் கீழ போய் நிக்கும். வருஷம் முழுக்க உப்பு வெளிச்சத்துல கண்ணு கூசிக் கூசி அழுத பெண்டுகளுக்குக் கண்ணு தெளிஞ்சுது, "எங்கன இருந்து வந்தா என்ன, குளுகுளுன்னு இருக்குல்லா"ன்னு சொன்னாங்க. காக்காய்க்குத்தான் கடைசி வரைக்கும் புரியல, தரையில கிளையைப் பாத்துப் பாத்து வட்டம் போட்டு, உக்கார எடமில்லாம, பஞ்சாயத்து டிவி ரூம் மேல போய் உக்காந்துச்சு.

ஆனா உப்பு வெயில்லதான் விளையும், அதுக்கு வேற வழி கிடையாது. பாத்தியில கட்டின தண்ணி அரிசி கழுவின தண்ணி மாதிரி கலங்கிக் கிடந்துச்சே தவிர, ஒரு கல்லு உப்பு இறங்கல. துவைச்ச துணி ரெண்டு நாளானாலும் நசநசன்னு இருந்துச்சு, கருவாட்டுல புழு வச்சுது. அதையும் ஊர் பழகிக்கிச்சு.

என் மைனி, அண்ணன் பொஞ்சாதி, பேரு சுயம்புகனி. எங்க அண்ணன் உப்பு லாரியில அடிபட்டுப் போனப்போ எனக்கு வயசு பதினாலு, அப்பா அம்மாவும் இல்ல. அன்னையில இருந்து மைனிதான் எனக்கு எல்லாம். சர்க்கார் நிலத்துல எட்டுப் பாத்தி குத்தகை அவ பேருல, ஒத்தையா மண்ணை மிதிச்சு இறுக்கி, தண்ணி பாய்ச்சி, வாரி, அந்த எட்டுப் பாத்தியில இருந்து என்னை பி.காம். வரைக்கும் படிக்க வச்சா. லீவு நாள்ல கஞ்சித் தூக்கு கொண்டுபோய், கூட நின்னு கொஞ்சம் வாருதேன்னு பலகையைத் தொட்டேன்னா வந்துரும் கோவம். "ஏட்டி, வெயில்ல நிக்காத. வீட்டுக்குப் போய்ப் படி. நிழல்ல உக்காந்து பாக்குற வேலைக்கு நீ போகணும்." கம்பெனியில எனக்கு வேலை கிடைச்ச அன்னைக்கு, என் ஏசி ரூமைப் பாக்கணும்னு கேட்டு வரைக்கும் வந்து, உள்ள விடமாட்டாங்கன்னதும், "சரி, குளிருமில்லா? ஒரு துண்டு கொண்டு போ"ன்னு சொல்லிட்டுத் திரும்பிப் போனா.

அவ எட்டுப் பாத்தியில ஏழரைப் பாத்தி மேல நிழல் விழுந்துச்சு. கடைசிப் பாத்தியில வடக்குப் பாதி மட்டும், நான் இழுத்த கோடு பசி அவசரத்துல வளைஞ்ச இடம், வெயிலாவே இருந்துச்சு. சர்க்கார் குத்தகையில ஒரு விதி உண்டு, ரெண்டு பருவம் சேர்ந்தாப்ல உப்பு விளையலைன்னா பாத்தி கையை விட்டுப் போயிரும். அதனால மைனிக்கு அந்த ரெண்டு பருவம்தான் உசிரு.

ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் அந்த அரைப் பாத்தி வரப்புல வச்சு அவகிட்ட சொன்னேன். மரம் கிடையாது மைனி, எண்ணு மட்டும்தான், நான்தான் போட்டேன், கோடு இழுத்ததும் நான்தான். அவ குனிஞ்சு, தரையில அசையுற புன்னை இலையைக் கையால தொட்டுப் பாத்தா.

"வெளையாடுதியா?"

"இல்ல மைனி. சத்தியமா."

"எழுதுனா நெழலு விழுமாட்டி?"

"விழுந்துருக்கே."

"அப்பம் அழிச்சுரு. ரப்பர் வச்சு அழிக்கத மாரி அழிச்சுரு. ஒஞ் சோலிக்கு ஒண்ணும் ஆகாதுல்லா?"

கடைசியில அதைத்தான் கேட்டா, எஞ் சோலிக்கு ஒண்ணும் ஆகாதுல்லான்னு. அழிச்சுரலாம் மைனின்னேன்.

மறுநாள் அழிச்சுப் பாத்தேன். குறைச்சு ஒரு எண்ணு போட்டேன், திரை சிவப்பாச்சு, 'சென்ற ஆண்டைவிடக் குறைவான மதிப்பை ஏற்க இயலாது'ன்னு வந்துச்சு. பார்கவ் சார் ரூமுக்குப் போனேன். நல்ல மனுஷன், கத்த மாட்டாரு, பிளாஸ்டிக் பாட்டில்ல தண்ணி குடிக்க மாட்டாரு.

"சார், அந்த மரம் எதுவும் இல்ல சார். எங்க ஊர்ல நிழல் மட்டும் விழுது, உப்பு விளையல."

"நிழல் விழுதா?" எழுந்து நின்னுட்டாரு. "ஆர் யூ ஷ்யூர் புஷ்பம்? போட்டோ இருக்கா?"

அடுத்த வாரம் பத்துப் பேர் வந்தாங்க, டேப்பு வச்சு நிழலை அளந்தாங்க. அதுக்கடுத்த மாசம் வெளிநாட்டு ஆடிட்டர் ஒருத்தர் தொப்பி போட்டுக்கிட்டு வந்து, வேப்ப நிழலுக்குக் கீழ தொப்பியைக் கழட்டி, கண்ணை மூடி அஞ்சு நிமிஷம் நின்னாரு. அவங்க விதிப்புத்தகத்துல மரத்தை நேரடியா எண்ண முடியாத இடத்துல நிழற்பரப்பை வச்சுக் கணக்கிடலாம்னு இருக்காம். நிழல் இருக்கு, அளந்தாச்சு, ஆகவே மரம் இருக்குன்னு கையெழுத்துப் போட்டாரு. கம்பெனிக்கு டெல்லியில ஒரு விருது கிடைச்சுது. உப்பு? அதைக் குஜராத்துல இருந்து ரயில்ல கொண்டுவந்தாங்க, அந்த ரயில் புகைக்கும் மரம் போட்டாங்க, ரெண்டாவது வருஷம் எண்ணு பதினெட்டு லட்சமாச்சு, சங்குமுந்தல்ல நிழல் இன்னும் அடர்த்தியாச்சு. "குறைக்கிறதுங்கிறது நம்ம ஸ்ட்ராட்டஜிலயே இல்ல புஷ்பம். கூட்டுறதுதான் கமிட்மென்ட்"னு சார் சொன்னாரு. நான் சரி சார்ன்னேன். எனக்கு ஒண்ணுமே தோணல, அதுதான் நிஜம். அன்னைக்கு கேன்டீன்ல கீரைக்கூட்டு, ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன், ருசி தெரியல.

அளம் படுத்துட்டதால ஊருக்கு ஏதாவது செய்யணும்னு கம்பெனி இருநூத்திப் பதினாலு பேருக்கு வேலை கொடுத்துச்சு. பச்சைத் தொப்பி, பச்சை வாளி. வேலை என்னன்னா நிழலுக்குத் தண்ணி ஊத்துறது, ஏன்னா பராமரிப்புன்னு ஒரு கட்டம் படிவத்துல இருந்துச்சு. காலையில ஏழு மணிக்கு லாரித்தண்ணி வரும், பெண்டுகள் வரிசையா நின்னு பிடிச்சு, ஒவ்வொரு நிழலோட அடிப்பக்கமாப் பாத்து ஊத்துவாங்க, சூரியன் நகர நகர நிழலும் நகர்ந்துரும், அவங்களும் வாளியைத் தூக்கிக்கிட்டுப் பின்னால நகர்வாங்க. நிழலுக்கெல்லாம் நம்பர்த் தகடு வச்சாங்க, சாயங்காலம் ஆனா தகடு ஒரு பக்கமும் நிழல் ஒரு பக்கமுமாக் கிடக்கும். ஆத்திப்பழம் அண்ணாச்சிக்கு சூப்பர்வைசர்னு போட்ட கோட்டு கிடைச்சுது. "இந்தப் புளி சரியில்ல, வாடுத மாரி தெரியுது, இன்னொரு குடம் ஊத்துங்கட்டி"ன்னு அதட்டுவாரு. ஒருத்தருக்கும் சிரிப்பு வரல.

அந்த இருநூத்திப் பதினாலுல கடைசிப் பேரு சுயம்புகனி, நான் அவளைக் கேக்காமச் சேர்த்தேன். எப்படியும் வந்துருவான்னு நினைச்சேன். தொப்பியையும் வாளியையும் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன், வாளியைத் திருப்பித் திருப்பிப் பாத்தா.

"நல்ல வாளி. நீயே வச்சுக்க, குளிக்க ஆகும்."

"எல்லாரும் போறாங்க மைனி. உனக்கு மட்டும் என்ன?"

"இல்லாத மரத்துக்குத் தண்ணி ஊத்த எனக்கு என்ன கோட்டியா பிடிச்சிருக்கு? எனக்குத் தெரியும்லா அது இல்லன்னு. மத்தவளுகளுக்குத் தெரியாது, ஊத்துதாளுவ. தெரிஞ்சுக்கிட்டு எப்படிட்டி ஊத்த?"

எனக்குச் சுருக்குன்னு பட்டிருக்கணும், படல. அவ பேரை எடுக்கலாம்னு படிவத்தைத் திறந்தேன், சேர்க்கத்தான் வழி இருந்துச்சு, எடுக்க இல்ல. விட்டுட்டேன்.

ரெண்டு பருவமும் அவ அந்த அரைப் பாத்தியிலயே கிடந்தா. மீதி ஏழரைப் பாத்திக்கும் கூட தண்ணி கட்டினா, மிதிச்சா, காத்திருந்தா. அரைப் பாத்தி உப்பை அம்பாரமாக் குவிச்சு வச்சு அதிகாரிக்குக் காட்டினா. அவரு புளிய நிழல்ல சேர் போட்டு உக்காந்து, எட்டுப் பாத்திக்கு அரைப் பாத்தி செல்லாதும்மான்னு எழுதிட்டுப் போயிட்டாரு. ஜனவரியில நோட்டீஸ் வந்துச்சு. ஊர்ப் பாத்தி எல்லாம் ஒண்ணுபோல சர்க்காருக்குத் திரும்பி, அங்க இருந்து பசுமை வளாகம்ங்கிற பேருல கம்பெனிக்கு வந்துச்சு, சுத்திக் கம்பி வேலி போட்டாங்க.

நோட்டீஸைக் கையில வச்சுக்கிட்டு மைனி ஒரே ஒரு வார்த்தை கேட்டா. "அழிக்கலாம்னுதானே சொன்ன?"

நான் நோட்டீஸை வாங்கித் தேதியைப் பாத்தேன்.

அதுக்கப்புறம் அவ வடக்கே, ரெண்டு பஸ் மாறிப் போற வேற ஒரு அளத்துக்குக் கூலிக்குப் போனா. அங்க ஒரு பொட்டு நிழல் கிடையாது. மே மாசம், அக்கினி நட்சத்திரத்துல, மத்தியானம் வாரிக்கிட்டு இருக்கையிலயே சாஞ்சுட்டா. வெயில் தாங்காமன்னு டாக்டர் எழுதினாரு. வேன்ல கொண்டுவந்து, அளத்தை ஒட்டின எங்க வீட்டு முன்னால இறக்கினோம், வாகை நிழல் அவ முகத்து மேல இலை இலையா ஆடிச்சு. கூட்டம் நிறைய, பந்தல் போடத் தேவையே இல்லாமப் போச்சு. "நல்லவேளை, நெழலு கெடக்கு, இல்லன்னா இந்த வேக்காட்டுல எவ உக்காருவா"ன்னு எனக்குப் பின்னால ஒருத்தி சொன்னா. சொன்னவ மேல எனக்குக் கோவம் வரல. நான் அழவும் இல்ல. மூணாம் நாள் வேலைக்குப் போனேன், ஜூன் ரிப்போர்ட்டுக்கு டைம் இல்லன்னு சார் போன் பண்ணியிருந்தாரு.

அந்த ரிப்போர்ட்ல இருபத்தி மூணு லட்சம் மரம், வேலைவாய்ப்பு பெற்றோர் இருநூத்திப் பதினாலு பேர். அன்னைக்கும் பதினோரு மணிக்குத்தான் மேடையில தூக்கிக் காட்டினாங்க. பதினொன்னரைக்கு ஆத்திப்பழம் அண்ணாச்சி எனக்குப் போன் போட்டாரு.

"புஷ்பம், ஒம் மைனி வந்துருக்கா."

"எங்க அண்ணாச்சி?"

"அவ பாத்தியிலதான். ஆளு இல்ல, நெழலு மட்டும். வாரிக்கிட்டு நிக்கா."

உசிரோட இருக்கிற இருநூத்திப் பதிமூணு பேருக்கும் அவங்க நிழல் அவங்க காலடியிலேயே கிடந்துச்சு. சுயம்புகனி நிழலுக்குத்தான் ஆள் இல்ல. அந்த வடக்கு அரைப் பாத்தி வெயில்ல, சேலையைத் தூக்கிச் சொருகி, தலையில துணி கட்டி, குனிஞ்சு, பலகையைத் தள்ளி, இழுத்து, தள்ளி, இழுத்து, மத்தியானத்துல குட்டையாகி, சாயங்காலம் வரப்பு வரைக்கும் நீண்டு, பொழுது சாய்ஞ்சதும் போயிரும். ஊர் அதையும் பழகிக்கிச்சு. தண்ணி ஊத்துற பெண்டுகள் "என்ன சுயம்பு, சாப்பிட்டாச்சா"ன்னு கேட்டுட்டு வேலிக்கு அந்தப் பக்கமாப் போவாங்க. ஒருத்தி அதுக்கும் ஒரு வாளி தண்ணி ஊத்தினா. நான் வேலிக்கு வெளிய நின்னு பாத்துட்டு வந்துருவேன். உள்ள போகல, அடையாள அட்டை கழுத்துல தொங்கியும் போகல.

ஒரு வருஷம் அப்படியே போச்சு. போன மே மாசம் பார்கவ் சார் புதுப் படிவம் கொண்டுவந்தாரு. காரம் வாங்குற வெளிநாட்டுக்காரங்க விதியை மாத்திட்டாங்களாம், இனி உண்மையான எண்ணு தராதவங்ககிட்ட வாங்க மாட்டாங்களாம், போர்டு கூடி முடிவு பண்ணிருச்சாம். "இனிமே ட்ரான்ஸ்பரன்ஸிதான் நம்ம ஸ்ட்ராட்டஜி புஷ்பம். இல்லாததை எல்லாம் தைரியமாக் கழிச்சுரு." அவரு முகத்துல ஒரு பெருமை. அவரு பொய் சொல்லல, அன்னைக்கும் நம்பித்தான் கூட்டச் சொன்னாரு, இன்னைக்கும் நம்பித்தான் கழிக்கச் சொல்றாரு. படிவத்துல 'நட்டது'க்குப் பக்கத்துல 'பட்டுப்போனது'ன்னு ஒரு கட்டம் சுத்தமா, காலியா இருந்துச்சு. நாலு வருஷம் முந்தி இந்த ஒரு கட்டம் இருந்திருந்தா. அவ்வளவுதான் சொல்லுவேன்.

மரத்தை எல்லாம் கழிச்சேன். ஒண்ணு விடாமக் கழிச்சேன், குழிக்கன்னு பத்தொம்பதையும் சேர்த்துக் கழிச்சேன். மொத்தம்ங்கிற கட்டத்துல பூஜ்யம் வந்துச்சு. அதுக்குக் கீழ வேலைவாய்ப்பு பெற்றோர். தண்ணி ஊத்துறவங்களை வேலி காவலுக்கு மாத்தியாச்சு, ஆக இருநூத்திப் பதிமூணு பேர் நிஜமா இருக்காங்க. இருநூத்திப் பதினாலுன்னு அடிச்சேன்.

சார் வந்து பின்னால நின்னாரு. "இந்த ரெண்டு ஒண்ணு நாலு சரிதானே? ஆடிட்டர் துருவித் துருவிக் கேப்பான். எல்லாரும் இருக்காங்களா?"

"இருக்காங்க சார்"னேன்.

பொய்யின்னு தெரியாமயும், தெரியாத மாதிரி இருந்தும் நான் அடிச்ச எண்ணு லட்சக்கணக்குல உண்டு. மனசறிஞ்சு, எனக்கு வேணும்னு அடிச்சது அது ஒண்ணுதான்.

ஜூன் மாசம் ஒரு வியாழக்கிழமை, பதினோரு மணிக்கு, சங்குமுந்தல்ல வெயில் தொப்புன்னு விழுந்துச்சு. வேம்பு, புன்னை, வாகை, புளி, இருபத்தி மூணு லட்சமும் ஒரே நேரத்துல போச்சு. செல்லையா டீக்கடை நட்டநடு வெயில்ல நின்னுச்சு, ஆடுங்க எழுந்து நின்னு கத்திச்சு, நம்பர்த் தகடு மட்டும் பளபளன்னு மின்னிச்சு. "இருந்த நெழலையும் எவனோ பிடுங்கிட்டானே, நல்லாருப்பானா அவன்"னு ஊரே ஏசுச்சு. அந்த எவன் நான்தான், வாங்கிக்கிட்டேன். கலங்கிக் கிடந்த தண்ணி வத்தி, பத்தாம் நாள் பாத்தி எல்லாம் உப்பு விளைஞ்சுது. வார ஆள் இல்ல, வளாகத்துக்குள்ள யாரும் போகக் கூடாது, வேலியில காவலுக்கு நிக்கிறதே அந்தப் பாத்திக்காரங்கதான். அவங்க உப்பு கண்ணு முன்னால இறுகி இறுகிக் கல்லாகிறதை, கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கிட்டு, பச்சைத் தொப்பி போட்டுக்கிட்டு, அவங்களே பாத்துக்கிட்டு நின்னாங்க.

அந்தப் பத்தாம் நாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல நான் ஃபேக்டரியில இருந்து நடந்து வந்தேன். வேலிக் கேட்டுல ஆத்திப்பழம் அண்ணாச்சி என் அட்டையைப் பாத்தாரு, என் மூஞ்சியைப் பாத்தாரு, திறந்து விட்டாரு. கடைசிப் பாத்தியில மைனி வாரிக்கிட்டு இருந்தா. இப்ப எட்டுப் பாத்திக்கும் போய்ப் போய் வாரினா, ஒண்ணை முடிச்சு அடுத்ததுக்கு நகர்ந்தா. தள்ளுறா, இழுக்கிறா, உப்பு ஒரு கல்லு அசையல. எட்டுப் பாத்தி நிறைய விளைஞ்சு கிடக்கு, அவ வாரிக்கிட்டே இருக்கா, அத்தனையும் கிடந்த இடத்துலயே கிடக்கு.

அவளோட நிஜப் பலகை வரப்பு ஓரத்துல, அவ வச்ச இடத்துலயே வெளுத்துப்போய்க் கிடந்துச்சு. செருப்பைக் கழட்டினேன். சேலையைத் தூக்கிச் சொருகினேன். பாத்திக்குள்ள இறங்கி, அவ நிழலு நிக்கிற இடத்துலயே நின்னு, அது குனியும்போது குனிஞ்சு, அது இழுக்கும்போது இழுத்தேன். எனக்கு வாரத் தெரியாது, அவ ஒரு நாளும் சொல்லித் தரல. பலகை உப்புல கொத்திக்கிட்டு நின்னுச்சு, நான் மறுபடி இழுத்தேன், ஒரு பிடி உப்பு கரகரன்னு நகர்ந்துச்சு.

"ஏட்டி, வெயில்ல நிக்காத"ன்னு அதட்ட அந்த நிழலுக்கு வாய் இல்ல. அதட்டியிருந்தா மேலேறியிருப்பேன்.

பத்து இழுப்புல உள்ளங்கை பொத்துச்சு. கணுக்கால்ல உப்பு கிழிச்ச இடத்துல தண்ணி பட்டு எரிஞ்சுது, சுள்ளுன்னு உச்சி வரைக்கும் ஏறிச்சு. மூணு வருஷமா கீரைக்கூட்டு ருசிக்காத, சாவு வீட்டுல அழாத, கோவம் வராத உடம்பு இது. எனக்கு வலிச்சுது. மைனி, மைனின்னு பாத்தியில நின்னு கத்தி அழுதேன், வேலியில நின்ன அத்தனை பேரும் திரும்பிப் பாத்தாங்க. அவ நிமிரல. வாரிக்கிட்டே அடுத்த பாத்திக்குப் போனா, நானும் பலகையைத் தூக்கிக்கிட்டுப் பின்னால போனேன்.